கல்லின் முதுகு

தராசு என்பது அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. கல் கிடங்குக்காரர் வைத்தது. எந்தப் பாறையைக் காட்டினாலும் மனுஷன் அதை ஒரு சுற்று சுற்றி வருவார். "அரை டன், கொஞ்சம் கூட இருக்கும்" என்பார். எடை மேடையில் ஏற்றினால் சொன்னது சொன்னபடி இருக்கும். வீட்டுத் தோட்டங்களில் குளம் கட்டுவதுதான் தொழில். குழி வெட்ட, ரப்பர் ஷீட் விரிக்க, பம்பு மாட்ட யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கரைக்கு எந்தக் கல், மொத்தம் எத்தனை டன், எது அடியில், எது மேலே என்று சொல்ல ஆள் வேண்டுமே, அதற்குத்தான் தராசு. இதில் அவருக்குக் கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. யாராவது டேப்பை எடுத்தால், "சட்டை தைக்கப் போறீங்களா?" என்று கேட்டு மானத்தை வாங்குவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு வலது கண்ணில் புரை விழுந்தது. முதலில் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருந்தது. போகப்போக அந்தப் பக்கம் வெறும் வெளிச்சம்தான். யாரிடமும் மூச்சு விடவில்லை, ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஒற்றைக் கண்ணுக்கு அகலம் தெரியும், உயரம் தெரியும். ஒரு பொருள் எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் பிடிபடாது. கல்லுக்கு எடை சொல்கிற ஆளுக்கு அது போய்விட்டால் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? அந்தப் பயத்திலேயே வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்.

அன்று காலை கெட்டிலிலிருந்து டீ ஊற்றினார். டீ கோப்பைக்குப் பக்கத்தில் மேசையில் விழுந்தது. "கை வழுக்கிருச்சு" என்றார். மனைவி துடைத்தாள். கிளம்பும்போது தினமும் சொல்வதையே சொன்னாள்: "என் தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வாங்க." அந்தத் தம்பிதான் தராசுக்குக் கூட்டாளி, மச்சினன். குழியில் இறங்குகிற வேலையெல்லாம் அவனுடையது.

வேலை ஒரு பல் டாக்டரம்மா வீட்டில், கொல்லைப்புறத் தோட்டத்தில். முந்தின நாள் கல் பொறுக்கக் கிடங்குக்குப் போனபோது அந்த அம்மாவும் கூட வந்திருந்தார். தராசு ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். கணீரென்று வந்தால் எடுத்துக்கொண்டார், பொத்தென்று வந்தால் உள்ளே விரிசல் என்று தள்ளிவிட்டார். "சுண்ணாம்புக் கல் வேணாம்மா, தண்ணி கெட்டுப்போயிடும். மீன் வளக்கணும்ல?" என்று பக்குவமாகச் சொன்னார். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரே ஒரு கல்லின் முன்னால் மட்டும் நின்றுவிட்டார். வெள்ளை ரேகை ஓடின கருங்கல். "அருவி விழற இடத்துக்கு இதுதான் வேணும்."

அழகான கல்தான், யார் இல்லையென்றது. ஆனால் அது முதுகைக் கல் குவியலுக்குள் புதைத்துக்கொண்டு கிடந்தது. சுற்றி வர வழியில்லை. பழைய தராசாக இருந்தால் வண்டியை வைத்து வெளியே இழுக்கச் சொல்லி, நாலு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்திருப்பார். இப்போதெல்லாம் அவர் கல்லை ரொம்ப நேரம் சுற்றுகிறார் என்று கிடங்கில் கேலி பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த ரோஷம். நீளம், அகலம், குத்துமதிப்பாக ஒரு ஆழம், மூன்றையும் மனசுக்குள் பெருக்கினார். மூலைகள் உருண்டிருப்பதற்காக மூன்றில் ஒரு பங்கு கழித்தார். வந்ததைக் கல்லின் அடர்த்திக்காக இரண்டரையால் பெருக்கினார். "எண்ணூறு கிலோ" என்றார்.

தராசு ஆபீஸில் கணக்குப் பார்த்த நேரத்தில் ஆட்கள் எல்லாக் கல்லையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். எடை போட்டபோது கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். "என்ன தராசு, நீங்க கூட்டிச் சொன்னதை விட அதிகமா வந்திருக்கே?"

"மழை பெஞ்சிருக்கு. மண்ணு அப்பியிருக்கு" என்றார் தராசு. அப்படித்தான் இருக்கும் என்று தனக்கும் சொல்லிக்கொண்டார்.

சரி, இப்போது டாக்டரம்மா வீட்டுக்கு வருவோம். லாரி கொல்லைப்பக்கத் தெருவில் நிற்கிறது. அதிலேயே கிரேன். சின்னக் கல்லெல்லாம் இறங்கியாயிற்று, ரேகைக் கல்தான் பாக்கி. குளத்துக்குழி மதில் சுவருக்கு அந்தப்பக்கம். ரப்பர் ஷீட் கிழியாமலிருக்க அதன்மேல் விரித்த துணி மெத்தையில் கல் உட்கார வேண்டும், அதனால் மச்சினன் குழிக்குள் கடப்பாரையோடு நிற்கிறான். தராசும் டாக்டரம்மாவும் லாரியும் குழியும் தெரிகிறபடி கொல்லை வாசலில் நிற்கிறார்கள்.

கிரேன்காரர் சந்தேகப் பேர்வழி. "பழைய வண்டிங்க, பாரம் கூடினா கத்தறதுக்கு அலாரம் கிடையாது. கிட்டத்துல மூணு டன்னையும் தூக்கும். கையை நீட்ட நீட்ட பலம் குறையும். குளம் வரைக்கும் நீட்டினா ஒரு டன்தான் தாங்கும். மேல போச்சுன்னா வண்டி கவுந்துடும். எடை எவ்வளவு?"

"எண்ணூறு."

"நிச்சயமா?"

மச்சினன் குழிக்குள்ளிருந்து சிரித்தான். "அண்ணே, அவர் பேரே தராசு. தூக்குங்க."

கல்லைச் சுற்றிக் கட்டின பெல்ட் இறுகியது. கல் லாரியை விட்டு எழும்பியது, ஒரு முனகல்கூட இல்லை. பார்த்தீர்களா என்பதுபோல் தராசு டாக்டரம்மாவைப் பார்த்தார். கிரேனின் கை மதில் சுவரைத் தாண்டி நீண்டது. கல் குழியை நோக்கிப் போனது. போகிற போக்கில் மெதுவாகத் திரும்பியது.

திரும்பினதும் முதல்முறையாக அதன் பக்கவாட்டைப் பார்த்தார். குவியலுக்குள் ஒளிந்திருந்த ஆழம் இப்போது அகலமாகக் கண்முன்னால் தொங்கியது. அகலம் பார்க்க ஒற்றைக் கண் போதுமே. முன்பக்கம் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு பின்னாலும் போயிருந்தது அந்தப் பாழாய்ப்போன கல். எண்ணூறு இல்லை. ஆயிரத்துக்கு மேலே, நன்றாக மேலே.

"நிறுத்துங்க" என்றார்.

"என்னாச்சு?"

அந்த நேரத்திலும் பொய்தான் முதலில் வந்தது, கேளுங்கள். "பெல்ட் சரியில்ல. இறக்கிடுங்க."

"பெல்ட் நான் கட்டினது. பல்லைக் கட்டி இழுத்தா பல்லுதான் வரும், கட்டு அவுறாது" என்றார் கிரேன்காரர், டாக்டரம்மா பக்கம் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு. கை இன்னும் கொஞ்சம் நீண்டது. லாரி கவிழாமல் முட்டுக்கொடுக்கிற ஊன்றுகால்களில் அந்தப்பக்கத்தது, அடியில் போட்ட பலகையிலிருந்து விரற்கடை எழும்பியதைத் தராசு பார்த்தார். கீழே மச்சினன் இரண்டு கையையும் தூக்கி, "வா, வா, இன்னும் வா" என்று கல்லைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"எனக்கு ஒரு கண்ணு தெரியாதுய்யா" என்று கத்தினார் தராசு. "நான் சொன்ன எடை தப்பு. மாப்ளே, வெளிய வா. ஏறி வாடா."

கிரேன்காரர் முகம் வெளுத்துவிட்டது. கையை அங்குலம் அங்குலமாக உள்ளே இழுத்தார். மச்சினன் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஈரமண்ணில் வழுக்கி வழுக்கி ஏறினான். கல் ஆடியது, சுவரின் விளிம்பில் உரசிக் காரையைப் பெயர்த்தது, கடைசியில் லாரிக்கே திரும்பி வந்து தொம்மென்று உட்கார்ந்தது. ஊன்றுகாலும் பலகையில் இறங்கியது. டாக்டரம்மா தோட்டத்து நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

மச்சினன் வேனுக்குப் போய் டேப்பை எடுத்து வந்து கல்லை அளந்தான். மூன்று அளவையும் வேறு ஆளிடம் சொல்வதுபோல் சொன்னான். தராசு குனிந்தபடியே பெருக்கினார், கழித்தார், மறுபடி பெருக்கினார். "ஒண்ணே கால் டன்" என்றார். சட்டை தைக்கிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. பெரிய கிரேன் நாளைக்கு வரட்டும் என்று முடிவாயிற்று.

திரும்பும்போது வேனை மச்சினன் ஓட்டினான். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, மாமா?"

"வெக்கமா இருந்துச்சு" என்றார் தராசு.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து வழக்கம்போல் முதலில் தம்பியைப் பார்த்தாள், அப்புறம் புருஷனை. இரண்டு பேரையும் உட்காரவைத்து டீ ஊற்றினாள். தராசின் கையைப் பிடித்து, விரலைக் கோப்பையின் காதில் கொண்டுபோய் வைத்தாள். கண் தெரியாதவருக்குச் செய்வதுபோல, ரொம்ப நாள் பழக்கம்போல.

"உனக்குத் தெரியுமா?" என்றார்.

"ஜன்னல் கதவுல இடிச்சுக்கிட்டீங்களே, அன்னிக்கே தெரியும். கேட்டா மனசு உடைஞ்சு போயிடுவீங்கன்னு விட்டுட்டேன். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

மச்சினன் அக்காவைப் பார்த்தான். "தெரிஞ்சுமா தினமும் என்னை அனுப்பினே?"

அவள் கெட்டிலைக் கீழே வைத்தாள். காலையில் குழிக்குள் நின்று தூக்குங்க என்று சிரித்த பயல் அவன். இப்போது அவன் கையிலிருந்த கோப்பை தட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டது. அதைக் கீழே வைக்கப் பார்த்தான், முடியவில்லை. தராசு கையை நீட்டினார். முதல் தடவை கை காற்றைத்தான் பிடித்தது. இரண்டாம் தடவை அவன் மணிக்கட்டு கிடைத்தது, கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.