தும்மலுக்குப் பயந்த நாட்கள்

எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேராத திருக்கொச்சி சர்க்கார் காலம். மூத்தவனைப் பெற்று ஐம்பது நாளாகியிருந்தது. குழந்தையைப் பார்க்க வந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்சம்மா கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள்: "தும்முனா துணி நனையுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நனையத்தான் செய்தது. தும்மல், இருமல், சிரிப்பு, எதையும் உடம்பு தாங்கவில்லை. லீவு முடிய ஒரு மாதம்தான் பாக்கி. வகுப்பில் போர்டில் எழுதும்போது ஒரு தும்மல் வந்தால் என் டீச்சர் உத்தியோகம் அதோடு தீர்ந்தது என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லையே! இவளிடம் யார் சொன்னது?

என் வீட்டுக்காரராக இருக்காது. துவைத்த வேட்டிக்கும் துவைக்காத வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். வண்ணாத்தியோ? மூலையில் நான் சுருட்டிப் போடும் துணிகளில் தினமும் இரண்டு மூன்று குறைந்தன. ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டுகிறாளோ? ஆனால் முழுச் சந்தேகம் மாமியார்மேல்தான். பள்ளிக்கூடம் என்று நான் வாயெடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

நர்சம்மா என்னைப் படுக்கவைத்து, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துத் தலையைத் தூக்கச் சொன்னாள். இரண்டு விரல் உள்ளே போனது.

"வயித்துச் சதை விலகிக் கெடக்கு. தெனமும் இப்பிடித் தலையத் தூக்கி எறக்கு. பெறவு, தோவாளை பஸ்ஸுல போறப்போ மூத்திரம் முட்டுனா எப்பிடி அடக்குவே? அப்பிடி இறுக்கிப் பிடி. பத்து எண்ணிட்டு விடு."

மருந்தில்லை, எண்ணெயில்லை. இதெல்லாம் ஒரு வைத்தியமா? என்னை வைத்து வேடிக்கை பார்க்கிறாளோ என்றும் தோன்றியது. வேறு வழியில்லாமல் செய்தேன். கதவிடுக்கில் மாமியாரின் சேலை நுனி தெரியும். வேவு பார்க்கிறாராம்!

லீவு முடிய இரண்டு நாள் இருக்கையில் அவர் அடுக்களையில் மிளகாய் வற்றல் வறுத்தார். நெடி வீட்டைத் தூக்கியது. என்னை நாறடிக்கத்தான் இந்த வேலை! வீம்புக்கு நேரே போய் அடுப்பு முன்னால் நின்றேன். ஏழு தும்மல். ஒரு சொட்டு இல்லை!

"பாத்தேளா அத்தே!" என்று திரும்பினேன். அவருக்கும் தும்மல் வந்துவிட்டது. கால்களைப் பின்னிக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடியில் ஈரம் பரவியது.

"நர்சுகிட்ட நான்தான் மக்கா சொன்னேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "வண்ணாத்தி கண்ணுல படாண்டாம்னு ஒனக்க துணிய நான்தான் அலசிப் போட்டேன். அப்பவே தெரிஞ்சு போச்சு. எனக்கு, ஒனக்க மாப்பிள்ளையப் பெத்த நாள்ல இருந்து இருக்கு."

"அப்போ உங்களுக்கும் கேட்டிருக்கலாம்லா?"

"நான் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போவணும்?"

என்னென்ன நினைத்துவிட்டேன், பாவி! மாற்றுச் சேலை எடுத்துக் கொடுத்தேன். பிறகு, நான் பத்து எண்ணிப் பழகிய பாயை விரித்தேன்.

"படுங்கோ அத்தே. கதவை நான் சாத்துதேன்."