காந்தம் இல்லாமல் எழுந்த முள்

கதை கட்டுகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் நாத்தனாருக்கு மட்டும் கிடையாது. அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை கூடுதலாக வாங்க வேண்டுமென்றால் ஸ்பேனர் போட்டுத்தான் திருக வேண்டும். அப்படிப்பட்டவள் சொன்னது இது. நடந்தது. பேய் வர இருட்டு வேண்டும் என்பார்களே, அதுவும் இல்லை. பட்டப்பகல்.

அவளுக்கு வண்டி மீட்டர்களைப் பழுதுபார்க்கும் கடை. தெருவுக்கே அவள் மீட்டரக்கா. அன்று காலை ஒரு பல் டாக்டரம்மா துணியில் சுற்றிய வட்ட மீட்டரோடு வந்தார். எஞ்சின் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்று காட்டும் பழைய டாக்கோமீட்டர். இறந்துபோன கணவருடைய காரிலிருந்து கழற்றியது.

"பழைய டைனமோவுலேருந்து கேபிள் வந்து இதைச் சுத்த வைக்கும். இப்ப அதை எடுத்துட்டுப் புது மாதிரி ஆல்டர்னேட்டர் போடறோம். அதுல கேபிள் மாட்ட இடமே இல்லையாம்."

"கரண்ட்டுல ஓடுற மாதிரி மாத்திடலாம்மா. முகம் அப்படியே இருக்கும். உள்ள மட்டும் புதுசு."

டாக்டரம்மா கிளம்பவில்லை.

"கல்யாணமான நாள்லேருந்து சாவியைத் தொட விடல அவர். 'என் உசிரு போனாலும் நீ ஓட்டக் கூடாது'ன்னார். உசிரு போயிடுச்சு. நான் ஓட்டப் போறேன்."

"ஓட்டுங்க. யாரு கேக்கறது?" என்றாள் நாத்தனார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. தெருவில் ஈ காக்கை இல்லை. அவள் மீட்டரை மேசையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினாள். முள் லேசாக ஆடியது. ஃபேன் காற்று என்று நினைத்து ஃபேனை நிறுத்தினாள்.

மறுபடி ஆடியது.

சரி, ஸ்பிரிங் தளர்ந்திருக்கும். அவள் வேலையைப் பார்த்தாள். அந்த மாதிரி மீட்டரில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தின் இழுப்பில்தான் முள் எழும். காந்தம் போனால் முள் வெறும் தகரம். அவள் திருகுகளைத் தட்டில் போட்டுவிட்டுக் காந்தத்தை வெளியே எடுத்தாள்.

காந்தம் அவள் இடது கையில்.

முள் எழுந்தது.

மெல்ல... ஆயிரம். இரண்டாயிரம். மூவாயிரம்... சட்டென்று இறங்கியது. திரும்ப ஏறியது.

யாரோ கியர் மாற்றுகிறார்கள்.

ட்ர்ர்ர்... தட்டில் திருகுகள் நடுங்கின. மேசை நடுங்கியது. எஞ்சின் சத்தம் இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

நாலாயிரம்...

கதவு நாலடி தூரம்தான். ஓடியிருக்கலாம். ஆனால் பயத்துக்குப் பின்னாலேயே அவளுக்குக் கோபம் வந்தது. என் கடை. என் மேசை. இங்கே வந்து யாரை மிரட்டுகிறாய்?

கட்டைவிரலை முள்ளின் மேல் வைத்து அழுத்தினாள்.

"சார், நீங்க ஓட்டினது போதும்."

முள் தள்ளியது. தலைமுடி கனமுள்ள முள்... ஆள் மாதிரி தள்ளியது.

"அந்தம்மாதான் ஓட்டுவாங்க. இறங்குங்க."

விரல் கிழிந்தது. ரத்தம் டயலில் வழிந்தது. அவள் எடுக்கவில்லை.

"இறங்குன்னு சொன்னேன்!"

தட்டு நின்றது.

மேசை நின்றது.

முள் பூஜ்யத்தில் கிடந்தது.

அவள் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மீதி வேலையையும் முடித்தாள். அரைகுறையாக விட்டால் அவர் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே! மழை விட்டதும் மீட்டரை எடுத்துக்கொண்டு, கார் நிற்கிற ஒர்க்‌ஷாப்புக்கு அவளே போனாள்.

மெக்கானிக் குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பக்கத்தில் டாக்டரம்மா.

"என்னாச்சுண்ணே?"

அவர் ஷெட்டைக் கை காட்டினார். அங்கே மரக்கட்டைகள் மேல் அந்தக் காரின் எஞ்சின். காரிலிருந்து இறக்கி ஒரு மாதமாகிறது. மேல்மூடி கழற்றியிருந்தது. சொட்டு எண்ணெய் இல்லை, பெட்ரோல் இல்லை.

"மத்தியானம் தூசி தட்டலாம்னு கை வச்சேன்க்கா..."

ஷெட் ஓட்டிலிருந்து ஒரு மழைத்துளி எஞ்சின் மேல் விழுந்தது.

சுர்ர்...

ஆவி எழுந்தது.

மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டரம்மாவின் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கையை நீட்டி மீட்டரை வாங்கிக்கொண்டார்.

"ஆறட்டும்," என்றார். "ஆறினதும் மாட்டுங்க."