எட்டு கிலோபைட் என்று நினைத்துக்கொண்டேன்

இத்தனை வருடம் சோறு போட்ட தொழிலில், மேல் எது கீழ் எது என்று பார்க்காமல் ஒரு பெண்ணின் வேலைக்கு வேட்டு வைக்கப் பார்த்தவன் நான். பார்க்காதது கூடப் பரவாயில்லை. அதை மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் அடித்துச் சொன்னேன். மானக்கேடு அங்கேதான்.

என் வேலை, செத்துப்போன கணினிகளுக்குப் பிரேதப் பரிசோதனை. சர்வர் ஒன்று திடீரென்று விழுந்துவிட்டால், அந்த நொடியில் அதன் நினைவகத்தில் இருந்ததெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவைக்கப்படும். கிராஷ் டம்ப் என்போம். அதைத் திறந்து படிக்க ஒரு கருவி உண்டு. குற்றவாளி யார் என்று கருவி சொல்லாது, நான்தான் சொல்லவேண்டும். துப்பறியும் நாவல் படித்தே வீணாய்ப் போனவனுக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியோகம் அமையாது. தொல்லை என்னவென்றால், நாவல் வாசகனுக்கு நாலாம் பக்கத்திலேயே குற்றவாளி தெரிந்துவிடும்.

கொரோனாவில் சென்னை ஆபீசைப் பூட்டிவிட்டார்கள். நான் சொந்த ஊரான நைனார்பாளையத்துக்கு வந்து மாடியறையில் உட்கார்ந்திருந்தேன். வெளியே இட ஒதுக்கீட்டுப் போராட்டம். இன்றைக்கு வி.ஏ.ஓ. ஆபீசில் மனு, அடுத்து கள்ளக்குறிச்சியில் மனு என்று தம்பி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்புவான். என்னையும் கூப்பிடுவான். முக்கியமான வேலை இருக்கிறது என்பேன்.

முக்கியமான வேலை இதுதான். வாடிக்கையாளர் ஒருவரிடம் எங்கள் சர்வர் விழுந்திருந்தது. அதன் உறுப்புகளை இயக்கும் டிரைவர் மென்பொருளில் கடைசியாகக் கைவைத்தவர் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண். காண்டிராக்டில் இருந்தார், அந்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. அவரும் ஊரிலிருந்துதான் வேலை பார்த்தார். வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு ஒன்றில் ஸ்கூட்டியை நிறுத்தி, சீட்டின்மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே மீட்டிங்குக்கு வருவார். பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். மறுப்புச் சொல்ல முடியாத ஆளைக் குற்றவாளி ஆக்குவது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

கணினியின் அடிமட்ட நிர்வாகியான கெர்னல், ஓடும் ஒவ்வொரு வேலைக்கும் குறிப்பு வைத்துக்கொள்ள ஒரு துண்டு இடம் கொடுக்கிறது. அதற்கு ஸ்டாக் என்று பெயர். அது மேல் வரப்பிலிருந்து கீழ் நோக்கி நிறைந்துகொண்டு வரும். கீழ் வரப்பைத் தாண்டிப் பக்கத்து இடத்தை நாசம் செய்தால் சர்வர் விழும். துண்டின் நீளம் தெரிந்தால்தான் யார் வரப்பைத் தாண்டினார்கள் என்று சொல்லமுடியும். கருவி எட்டு கிலோபைட் என்று வைத்துக்கொண்டது. நான் வேலை கற்றுக்கொண்ட காலத்தில் எட்டுதான். பிறகு பதினாறு ஆனதை நானும் படித்திருக்கிறேன். படித்தது சமயத்துக்கு ஞாபகம் வந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

சர்வர் கடைசியாக எழுதிக்கொண்டிருந்த இடம் எல்லைக்கு வெளியே இருப்பதாகக் கருவி காட்டியது. அந்தப் பெண்ணின் நிரல் அளவுக்குமேல் இடம் தின்று வரப்பைத் தாண்டிவிட்டது என்று மீட்டிங்கில் தீர்ப்புச் சொன்னேன். மேனேஜர், நிரந்தர உத்தரவை நிறுத்திவைத்தார்.

சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணா, என் கோடுல அவ்ளோ எடம் புடிக்கிற மாரி ஒண்ணுமே இல்லிங்களே."

"டூல் பொய் சொல்லுமாம்மா?" என்றேன். சிக்னல் போய்விட்டது. அது தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் சின்னசேலம் பக்கம் மறியல், பஸ் ஓடவில்லை. கருவி காட்டியதை நான் படமெடுத்து அனுப்பியிருந்தேன்; அதைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணா, ஸ்டாக் மேலேர்ந்து கீழதான எறங்கும்?"

"ஆமா."

"அப்ப வழிஞ்சா கீழதான வழியணும்? இது மேல் வரப்பையும் தாண்டி மேல நிக்குதே. மேல எப்பிடிண்ணா வழியும்?"

படத்தைத் திறந்து மேல் வரப்பைத் தேடினேன்.

"அண்ணா, லைன்ல கீறீங்களா?"

லைனில் இருந்தேன். மூளைதான் இல்லை.

உட்கார்ந்து கருவியின் உள்ளே பார்த்தேன். ஸ்டாக்கின் நீளத்தை அது ஒரு குறிப்பிட்ட விவரக் குறிப்பில் தேடுகிறது. புதிய கெர்னலில் அந்தக் குறிப்பை இடம் மாற்றிவிட்டார்கள். கிடைக்கவில்லை என்றால் கத்தவேண்டாமா? சத்தமில்லாமல் பழைய எட்டைப் போட்டு, கீழ் வரப்பிலிருந்து எட்டு மட்டும் அளந்து அதுதான் மேல் வரப்பு என்று குறித்துக்கொள்கிறது. எனக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஆனால் கெர்னல் எழும்போது உருவாகும் முதல் ஸ்டாக்குக்குத் தொடக்கமும் முடிவும் கெர்னலின் முகவரிப் பட்டியலில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். பதினாறு. கருவிக்கு அதைச் சொல்லித் திரும்பத் திறந்தால், வெளியே நின்றதாகச் சொன்ன இடம் நடு மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. தப்பு வேறொரு குழு எழுதிய பகுதியில்.

மறியல் முடிந்து தம்பி மாடிக்கு வந்தான்.

"இன்னாண்ணா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?"

சொன்னேன்.

"நாங்க வேல குடுன்னு ரோட்ல குந்திக்கினு கீறோம். நீ ஃபேனுக்குக் கீழ குந்திக்கினு ஒரு பொண்ணு வேலைய காலி பண்ணிக்கினு கீறியா?"

"பண்ணல. பண்ணப் பாத்தேன்."

"அதுவும் ஒனக்கு சரியா வரல."

அடுத்த மீட்டிங்கில் எல்லாவற்றையும் சொன்னேன். அழகாகவே சொன்னேன். மேனேஜர் "ஓகே" என்று மட்டும் தட்டச்சு செய்தார். அளவு தெரியாவிட்டால் ஊகிக்காமல் நின்றுவிடும்படி கருவியைத் திருத்தினேன். பொங்கல் கழித்து அந்தப் பெண்ணுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை மறைப்பானேன்.

"நல்லவேளம்மா, அந்தப் பதினாறு மட்டும் என் கண்ணுல படலன்னா..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க மொத மீட்டிங்குக்கு வராம இருந்திருந்தா, பொங்கலுக்கு முன்னாடியே வந்திருக்கும்ண்ணா" என்றார்.