குப்பம் ரயிலில் ஒரு இடம்

குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் அவரைப் பார்த்தேன். முன்வழுக்கை, மடியில் ஏதோ கம்பெனிப் பை. மூன்று பேர் பலகையில் நாங்கள் ஐந்து பேர். ஆனாலும் யார் ஏறினாலும், "எடம் கீது, ஒக்காரு" என்று கொஞ்சம் நகர்வார்.

எனக்கோ எரிச்சல். திருப்பதி லாட்ஜ் ஒன்றுக்கு ரூபி என்ற கணினி மொழியில் புக்கிங் சைட் எழுதியிருந்தேன். காலி அறை இருந்தால்தான் புக்கிங் 'கன்ஃபர்ம்' ஆக வேண்டும். அதுவோ எல்லோருக்கும் கன்ஃபர்ம் செய்துவிட, மொட்டை போட்டு வந்த ஒரு குடும்பம் அறையில்லாமல் லாட்ஜ் வாசலில் நின்றது. லாட்ஜ்காரர் போனில் கத்தினார்.

முன்வழுக்கைக்காரர் என் லேப்டாப்பில் இருந்த புரோகிராமை எட்டிப் பார்த்தார்.

"காலி ரூம் கீதான்னு மட்டும் கேட்டுகினு கீற. முன்னாடி சி மொழில எழுதினு இருந்தியா?"

"ஆமாண்ணா."

"அங்க சைபர்னா இல்லன்னு அர்த்தம். ரூபிக்கு சைபர்கூட 'கீது'தான் நைனா. காலி ரூம் கணக்கு சைபருக்கு மேல கீதான்னு கேளு."

அங்கேயே மாற்றிச் சோதித்தேன். அறை இல்லையென்றால் கன்ஃபர்ம் ஆகவில்லை. நன்றி சொல்வதற்குள் பங்காருபேட்டையில் ஒரு பருமனான அம்மாள் ஏறினார். பலகையில் இம்மியளவும் காலியில்லை.

"எடம் கீதும்மா, ஒக்காரு" என்றார் அவர்.

அந்த அம்மாள் உட்கார்ந்தும் விட்டார். எப்படி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.