பீப்பாய்களை வெட்டிய படம்

என் மகளின் படம் ஒன்றை நான் கத்தரித்தேன். அவுஸ்திரேலியாவில் அவள் வேலை செய்யும் சிறிய வைன் ஆலைக்குப் பரிசு கிடைத்தபோது, அந்த ஊர்ப் பத்திரிகை அவளைப் பீப்பாய்களுக்கு நடுவே நிறுத்திப் படம் போட்டிருந்தது. அதை ஆசையாக அனுப்பினாள். நான் முகத்தையும் தோளையும் வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டி எறிந்தேன். சட்டம் போட்டு மாட்டினேன். கேட்டவர்களிடம் மருந்துக் கம்பனியில் வேலை என்றேன். எட்டு வருடம் அதையே சொன்னேன்.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் ஒவ்வொரு குடியும், அதாவது தாய்வழி வம்சமும், தன் சார்பில் ஒருவரை வண்ணக்கராக நிர்வாகத்துக்கு அனுப்பும். எங்கள் குடிக்கு நான். வண்ணக்கரின் மகள் மது செய்கிறாள் என்ற பேச்சு வரக்கூடாது என்று பயந்தேன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. அவள் பெயரில் எழுதிய வீட்டின் சுவரிலேயே அவளைப் பாதியாக மாட்டி வைத்திருந்தேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவள் அதைப் பார்த்தாள். தான் செய்த வைன் போத்தல் ஒன்றைத் தந்து, பிரிட்ஜில் வைக்கச் சொன்னாள். யாராவது திறந்து பார்த்தால்? அதை ஐஸ் பெட்டிக்குள் தள்ளி, மேலே மீன் பொதியை வைத்தேன். இரண்டு மணி நேரத்தில் அவளே தேடி எடுத்தாள்.

"என்னப்பா, மீனுக்குக் கீழ புதைச்சு வெச்சிருக்கீங்க?"

"நல்லாக் குளிரட்டும் எண்டுதான் மகள்."

"குளிர் கூடினா மணம் வராது. கெமிஸ்ட்ரி படிப்பிச்ச ஆளுக்கு நான் சொல்லோணுமா?"

அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு தண்ணீர்க் கிளாசில் இரண்டு விரல் அளவு ஊற்றித் தந்தாள். வெளிறிய பொன்நிறம். நான் ஒரே மடக்காக விழுங்கினேன்.

"ஐயோ அப்பா! இது சாராயமா? முதல்ல மணந்து பாருங்க." மறுபடி ஊற்றினாள்.

மணந்தேன். "வறுத்த தேங்காய்ப்பூ மாதிரி இருக்கு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான்! அது திராட்சையில இருந்து வந்ததில்ல. ஓக் மரம் குடுத்தது."

ஓக் பீப்பாயில் பதினொரு மாதம் கிடந்ததாம். வாரம் ஒருமுறை அடியில் படியும் மண்டியை நீளக் கோலால் கலக்கிவிடுவாளாம். எந்தப் பீப்பாயிலிருந்து வைனை எப்போது வடித்தெடுப்பது என்பதை அவளுடைய நாக்குத்தான் தீர்மானிக்கிறது. முதலாளிகூட அவள் சொல்லும்வரை காத்திருப்பாராம். மெதுவாகக் குடித்தேன். முதலில் எலுமிச்சைப் புளிப்பு. அடுத்து வெண்ணெய் போல ஒரு வழுவழுப்பு. விழுங்கிய பிறகும் லேசான புகை வாசம் நின்றது. வாழ்நாள் முழுவதும் நான் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிப்போட்ட நொதித்தலை, என் பிள்ளை மனிதர் ருசிக்கும்படி செய்திருக்கிறாள். பெருமையில் நெஞ்சு விம்மியது. கூடவே வெட்கமும் வந்தது.

அவள் திரும்பிப் போன பிறகு நடந்த கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"என்ட மகள் மருந்துக் கம்பனியில இல்ல. வைன் செய்யிறாள். அவள் செஞ்சத நானும் குடிச்சன். நான் சொன்னது பொய்."

மனைவியின் தம்பிதான் முதலில் வாய் திறந்தார். "குடிச்ச வாயோடயா மச்சான் கோயிலுக்கு வந்தீங்க?"

"அது போன மாசம். பொய்தான் எட்டு வருசம் இந்த வாயில கிடந்தது."

சிலர் சிரித்தார்கள். நான் வண்ணக்கர் பொறுப்பை விடுவதாகச் சொன்னேன். வேண்டாம் என்று ஒருவரும் தடுக்கவில்லை; அது கொஞ்சம் வலித்தது.

மகளுக்குச் சொன்னபோது அவள் கோபப்பட்டாள். "கோயில விடச் சொல்லி நான் கேட்டனானா?" என்று அழைப்பைத் துண்டித்தாள். பத்து நாள் பேச்சில்லை.

பிறகு ஒரு வேலை நாளில், ஆலைக்குள்ளிருந்தே வீடியோவில் அழைத்தாள். இதற்குமுன் அவள் அங்கிருந்து அழைத்ததே இல்லை. மனைவியின் தம்பி அப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தார். நான் போனை அவர் பக்கமும் திருப்பிப் பிடித்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"புள்ள, அந்த மரம் ஒழுகாதா?"

"ஒழுகும் மாமா. இருங்க, காட்டுறன்."

அவள் போனோடு குனிந்து, ஒவ்வொரு பீப்பாயாகக் காட்டத் தொடங்கினாள்.