ஏட்டையாவின் டிக்கெட்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு நான் கல்லூரி செல்லும் பேருந்தில் அவரைப் பார்ப்பேன். பணிநீக்கம் செய்யப்பட்ட தலைமைக் காவலர். மீண்டும் பணி கேட்டு உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறார். ஒட்ட வெட்டிய தலைமுடி; விழுப்புரத்து வழக்கறிஞரிடம் கொண்டுபோகும் காகிதக் கட்டு மடியில் இருக்கும்.

ஒருநாள் அவர் பணத்தை நீட்டியதும் நடத்துநர் சிரித்தார். “இன்னா ஏட்டையா, போலீசுக்கு ஏது டிக்கெட்? உங்கள யாரு கேக்கப் போறாங்க?”

“இப்ப நான் போலீஸ் இல்லப்பா. கோர்ட்டு ஆர்டர் வரட்டும், சும்மா வர்றேன்.”

“அது எப்ப வர்றது?”

“வர்ற வரைக்கும் வாங்கிக்கினு இருக்கேன். குடு.”

அவரை ஏன் நீக்கினார்கள் என்று நான் கேட்டதில்லை. நடத்துநர் அவரை நெருங்கும்போதெல்லாம், ஏட்டையாவின் கை பணத்துக்காகச் சட்டைப்பைக்குப் போகாதிருக்க வேண்டுமே என்று புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்க்கிறேன்.

இன்றும் போனது.