அய்யாவின் போனுக்குப் போன நம்பர்

துணை நர்ஸ் பயிற்சிக்கு ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. கீழே நாலு கோடு போட்டு இடம் விட்டிருந்தார்கள். ஏழைகளுக்குத் தொண்டு செய்ய என்று நானும் எழுதி வைத்தேன். சுத்தப் பொய். பாசி எடுக்கப் போகப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருப் பெண்கள் பலருக்குப் பாசிதான் பிழைப்பு. கழுத்தளவுத் தண்ணீரில் முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் கடல்பாசியைக் கையால் பிய்க்க வேண்டும். விரல்களில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம். ஆனாலும் பாறை கிழிக்கும். எட்டாவது படித்த காலத்திலிருந்து லீவு நாளெல்லாம் அம்மாவோடு நானும் போனேன். பிளஸ் டூ முடிந்ததும் எப்படியாவது இதிலிருந்து தப்பிக்க வேண்டும் என்று வெறி பிடித்துத் திரிந்தேன். இரண்டு வருடப் படிப்பு, வெள்ளை உடுப்பு, காய்ந்த தரையில் நின்று பார்க்கிற வேலை. அதற்கு மேல் எதையும் யோசிக்கவில்லை.

எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டது, வருமானச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். அய்யா விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த வெள்ளிக்கிழமை கரையில்தான் இருந்தார்.

“கெளம்பு தாயி, இ-சேவைக்கு நானும் வாரேன். ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம்” என்றார்.

இ-சேவை மையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவள் என்னோடு படித்தவளின் அக்கா. மீன் வாடை அடிக்கிற கைலியோடு அய்யா அங்கே வந்து நின்று, கடலில் பேசுகிற அதே சத்தத்தில் பேசுவதை நினைத்தாலே எனக்குக் கூசியது.

“வேணாம், நாளைக்கு நானே போய்க்கிறேன்.”

“அப்ப நாளைக்குக் கடலுக்குப் போறப்போ போனை வச்சிட்டுப் போகவா?”

“அது எதுக்கு? கொண்டுட்டுப் போங்க.”

சனிக்கிழமை காலை மீன்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கடலுக்குப் போனார். பாலித்தீன் பையில் சுற்றிய போனும் அவரோடு போனது. அன்று மதியம் அந்த அக்கா என் ஆதார் நம்பரைத் தட்டிவிட்டு, “ஓடிபி சொல்லு” என்றாள். நான் முழித்தேன். ஆதார் எடுத்த காலத்தில் எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். அத்தனை பேருக்கும் அய்யாவின் நம்பரையே கொடுத்து வைத்திருந்தோம்.

“உங்க அய்யா கரைக்கு வந்ததும் போனைக் கொண்டுட்டு வா. கடைசித் தேதிக்குத்தான் இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே” என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் மாதா கோயில் வாசலில் ஒரே கூட்டம். எல்லை தாண்டியதாகச் சொல்லி, அய்யா போன படகை இலங்கைக் கடற்படைக்காரர்கள் பிடித்துக் கொண்டுபோய்விட்டார்கள். அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் என் மண்டைக்குள் முதலில் வந்தது அந்தப் போன்தான். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் மறுபடியும் அந்த அக்காவிடம் போய் நின்றேன். ஆதாரில் போன் நம்பரை மாற்றலாம், அதற்கு விரல் ரேகை வைக்க வேண்டும் என்றாள். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தேன். பாவாடையில் துடைத்து வைத்தேன். ஒன்றைக்கூடக் கருவி எடுக்கவில்லை.

“என்ன பிள்ள, கையில ரேகையே இல்ல?” என்று என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். நான் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை, பிடிபட்டவர்களின் வீட்டு ஆட்களையெல்லாம் படகு முதலாளி தன் வீட்டுக்கு வரச் சொன்னார். அன்று அக்கரையில் அய்யாவையும் மற்றவர்களையும் கோர்ட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அங்கிருந்த வக்கீல் தன் போனில் ஆளுக்கு ஒரு நிமிஷம் பேசக் கொடுத்தார். எங்கள் முறை வந்ததும் அம்மா, “சோறு போடுறாகளா? இருமல் எப்புடி இருக்கு?” என்று கேட்டுக் கேட்டு அழுதாள். பாதி நேரம் அதிலேயே போனது. நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

“அய்யா, உங்க போன் எங்கன இருக்கு? சிம்மையாவது எடுக்க முடியுமா? ஓடிபி உங்க நம்பருக்குத்தான் வருது.”

எப்படி இருக்கீங்க என்று கேட்கவில்லை.

“போனை வாங்கி வச்சிட்டாக தாயி. நான் கேட்டுப் பாக்குறேன். நீ மனச விட்டுறாத” என்றார். அதற்குள் அடுத்த வீட்டுக்காரி கை நீட்டிவிட்டாள். வீடு வரும்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் ராமநாதபுரத்தில் ஒரு மையத்தில் கண்ணை வைத்துப் பார்க்கிற கருவி இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கண் ஒத்துக்கொண்டது. நம்பர் மாறியது. சான்றிதழ் வாங்கி, கடைசி நாள் மதியம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். இடமும் கிடைத்தது. வகுப்பு தொடங்கி, ஊசி போடப் பழகி, புதுத் தோழிகளோடு சிரித்துக்கொண்டு திரிந்தேன். இடையில் இரண்டு முறை வக்கீல் மூலமாக அய்யாவுக்குச் சேதி சொல்லி அனுப்பினோம். அம்மா இருமல் மருந்தைப் பற்றிச் சொல்லச் சொன்னாள். இடம் கிடைத்த சேதியையும் சேர்த்து அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலு மாதம் கழித்து அவர்களை விடுதலை செய்தார்கள். வகுப்பிலிருந்து உடுப்பு மாற்றக்கூட நிற்காமல் பஸ் ஏறி ஊருக்கு ஓடி வந்தேன். அவர்களைக் கூட்டி வந்த வேனிலிருந்து, அய்யாவோடு பிடிபட்டவர் ஒருவர் முதலில் இறங்கினார். என்னைக் கண்டதும், “உங்க அய்யாவோட பெரும்பாடு தாயி. பிள்ளைக்கு நம்பர் வரணும், போனைக் கொஞ்சம் குடுங்கன்னு கண்டவுககிட்டயெல்லாம் கெஞ்சுனாரு. போன வாரங்கூடக் கேட்டாரு” என்றார்.

அவருக்குப் பின்னால் அய்யா இறங்கினார். தாடி மண்டி, பாதி ஆளாகியிருந்தார். தலையைக் குனிந்தபடியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எம்புட்டோ கேட்டுப் பாத்தேன் தாயி. போனைக் குடுக்க மாட்டேன்னுட்டாக.”

என் வெள்ளை உடுப்பை அவர் அதற்குப் பிறகுதான் பார்த்தார்.